செயிண்ட் ஆண்ட்ரூஸ் மணிக்கோபுரம்: தமிழ் மரபுடைமை நடைக்குச் சரியான தகவல் தேவை

காத்தோங்_கதிர்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வட்டார வாசிப்புக் குழுவுக்காகத் தமிழிலேயே ஒரு மரபுடைமை நடை ஏற்பாடு செய்கிறேன். இருபத்தைந்து பேர் வருகிறார்கள், பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டரை மணி நேரம். சிங்கப்பூரின் சிட்டி ஹால் பக்கம் உள்ள மணிக்கோபுரங்கள்தான் கருப்பொருள், அதில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு முதலிடம்.

சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்க விடுதலைப் போர் வீரரும் உலோக வார்ப்பாளருமான பால் ரெவியர் வார்த்த மணி இன்னும் அந்தக் கோபுரத்தில் தொங்குகிறது என்று ஒன்று சொல்கிறது, அரும்பொருளகத்தில் இருக்கிறது என்று இன்னொன்று சொல்கிறது. பழைய கோபுரத்தை இடித்தது இடி விழுந்ததாலா, அஸ்திவாரம் இறங்கியதாலா? இந்தியக் கைதிகள் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துக் கட்டினார்கள் என்பது உண்மையா, உண்மையென்றால் கட்டடத்தின் எந்தப் பகுதியில்? கோபுரத்துக்குள் மணிகளை எப்படி ஒலிக்கிறார்கள், எதனால் பழுதாகின்றன என்று கேட்டால் என்ன சொல்வது? விக்டோரியா அரங்கின் மணிக்கூண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தேதிகளோடு சொன்னால் உதவியாக இருக்கும். சந்தேகமானதை நடையில் சொல்லப்போவதில்லை.

பிராஸ்பாசா_பெரியவர்

தம்பி கதிர், முதலில் இரண்டு கட்டடங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழப்பத்தில் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கிறது. ஒரே மனையில் அடுத்தடுத்து இரண்டு ஆலயங்கள் நின்றிருக்கின்றன. இடி விழுந்தது முதலாவதில், அஸ்திவாரம் இறங்கியது இரண்டாவதில். இரண்டு குறிப்பும் சரிதான், யாரோ ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

முதல் ஆலயத்தை வரைந்தவர் ஜார்ஜ் கோல்மன். 1835-ல் வேலை தொடங்கி, 1837 ஜூனில் முதல் வழிபாடு நடந்தது. கோல்மன் கட்டியதில் கோபுரமே கிடையாது. 1842-ல் ஜான் டர்ன்புல் தாம்சன்தான் கோபுரமும் அதன்மேல் கூம்பும் எழுப்பினார். பிறகு ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய அதே தாம்சன். கூம்புக்கு இடிதாங்கி வைக்கவில்லை. ஆண்டுக்கு நூற்றைம்பது நாளுக்கு மேல் இடி முழங்கும் ஊரில், சுற்றிலும் உயரமான கட்டடம் எதுவும் இல்லாத திடலோரத்தில், ஈரம் குடித்த செங்கல் கூம்பு ஒன்று தனியாக நிற்கிறது. 1845-ல் ஒருமுறை, 1849-ல் மறுமுறை இடி இறங்கியது. ஈரமான செங்கல் கட்டில் மின்னல் பாயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி விரிகிறது, சாந்து பிளந்துகொள்கிறது. வெளியே தெரியும் சேதத்தைவிட உள்ளே நடந்திருக்கும் சேதம்தான் பெரிது. 1852-ல் பாதுகாப்பில்லை என்று ஆலயத்தை மூடினார்கள், 1855-ல் இடித்தார்கள்.

இன்று நாம் பார்ப்பது இரண்டாவது ஆலயம். 1856 மார்ச் 4-ஆம் தேதி கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் ரொனால்ட் மெக்ஃபர்சன். அரசுப் பொறியாளர், கைதிகளுக்கும் அவரே கண்காணிப்பாளர். முதலில் திட்டமிட்டது கனமான கோபுரம். கட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் அடித்தளம் அமிழும் அறிகுறி தெரிந்தது. எடையைக் குறைக்க வேண்டும் என்றுதான் மேல்பகுதியை மாற்றி மெல்லிய கூம்பாக முடித்தார்கள். அந்த வெள்ளைக் கூம்பை அழகுக்காக வைத்ததாகப் பலர் சொல்வார்கள். மண் தாங்கவில்லை, அதனால் வந்தது அது. 1861 அக்டோபர் 1-ல் முதல் வழிபாடு, 1862 ஜனவரி 25-ல் அருள்பொழிவு.

இனி ரெவியர் மணி. "பால் ரெவியர் வார்த்தது" என்று சொல்லாதீர்கள். அவர் 1818-லேயே இறந்துவிட்டார். மணி 1843-ல் பாஸ்டனில் அவர் குடும்பத்தின் வார்ப்பாலையில் உருவானது. அதை முதல் ஆலயத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர் அவர் மகள் மரியா ரெவியர் பாலஸ்டியர். கணவர் ஜோசப் பாலஸ்டியர் சிங்கப்பூரின் முதல் அமெரிக்கத் துணைத் தூதர், கரும்புத் தோட்டக்காரர். மணியோடு ஒரு நிபந்தனையும் வந்தது: ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும். கரையில் திரியும் மாலுமிகள் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் என்று அறிவிப்பதற்காக. ஆலயத்தை இடித்த 1855 வரை அப்படியே அடித்தார்கள். புதிய ஆலயம் திறந்தபின் மறுபடி தொடங்கி 1874-ல் நிறுத்தினார்கள். 1889-ல் இங்கிலாந்திலிருந்து எட்டு மணிகள் வந்து சேர்ந்ததும் கோபுரத்தில் அதற்கு வேலை இல்லாமல் போனது. இப்போது அது தேசிய அரும்பொருளகத்தின் உடைமை. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒரே ரெவியர் மணி என்று அதைச் சொல்கிறார்கள்.

நடையில் வருகிறவர்களுக்கு நன்றாகப் பதியும் ஒன்று: கோபுரம் எழுப்பியவர் பெயரில் தாம்சன் சாலை, மணி கொடுத்தவரின் கணவர் பெயரில் பாலஸ்டியர் சாலை. இரண்டும் நோவினா பக்கம் சந்திக்கின்றன.

மற்றொன்று. இடித்துவிட்ட அந்தப் பழைய கோபுரம் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட வேண்டுமானால் குவீன் ஸ்திரீட் நல்லாயன் பேராலயத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஆலயம் டெனிஸ் மெக்ஸ்வினி வரைந்து 1847-ல் திறக்கப்பட்டது. அதன் கோபுரத்தை சார்ல்ஸ் டைஸ் வரைந்தபோது, பக்கத்தில் நின்ற தாம்சனின் ஆண்ட்ரூஸ் கோபுரத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். மூலம் மறைந்துவிட்டது, அதைப் பார்த்துக் கட்டியது நின்றுகொண்டிருக்கிறது. இதை விட்டுவிடாதீர்கள்.

சுண்ணச்சாந்து

முட்டைக் கேள்விக்கு என் பங்கு.

உண்மைதான், ஆனால் எங்கே பூசினார்கள் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். மெக்ஃபர்சனுக்குப் பின் கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மேஜர் மெக்நேர் பிற்பாடு எழுதிய விவரத்தில் இது வருகிறது. உட்புறச் சுவர்களுக்கும் தூண்களுக்கும் "மெட்ராஸ் சுண்ணம்" பூசினார்கள். மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் ஒன்றாக அடித்துப் பசையாக்கி அதில் சேர்ப்பது. குழைப்பதற்குத் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசி ஓரளவு உலர்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்ப்பது, இடையிடையே மாக்கல் பொடியைத் தூவுவது. கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். காரைக்குடி வீட்டுச் சுவரைக் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

ஆக, கோபுரம் முழுக்க முட்டையால் கட்டியது என்பது கட்டுக்கதை. செங்கல்லை இணைத்த சாந்து வேறு, மேலே மெருகிட்ட பூச்சு வேறு. "இத்தனை ஆயிரம் முட்டை" என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் ஏற்காதீர்கள். மெக்நேர் பொருள்களைச் சொல்கிறாரே தவிர விகிதம் கொடுக்கவில்லை.

எதற்கு இத்தனை பொருள் என்று கட்டாயம் கேட்பார்கள். வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து மெல்லிய நீர்புகாப் படலம் மாதிரி இறுகுகிறது. வெல்லம் சேர்ந்தால் அதே தண்ணீரில் சாந்து இன்னும் இளகிக் கிடைக்கும், இறுகவும் நேரம் எடுக்கும். தேய்த்து மெருகேற்ற அந்த நேரம் தேவை. சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதனால்தான் ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும். கனமாகப் போட்டால் வெளித்தோல் இறுகி உள்ளே பச்சையாகவே கிடக்கும், பிறகு சிலந்தி வலை மாதிரி வெடிக்கும்.

மாதிரி ஒன்று செய்து கையில் கொடுத்தால் நடை களைகட்டும். ஓர் அடிக்கு ஓர் அடி மெருகிடாத செங்கல் ஓடு அல்லது சொரசொரப்பான மண் ஓடு எடுங்கள். வழவழப்பான பீங்கான் ஓடு வேண்டாம், பிடிக்காது. நீற்றிய சுண்ணாம்பைப் பசையாகவே வாங்குங்கள். சுட்ட கல்லை வீட்டில் நீற்றுவது ஆபத்து, கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். பசையைத் தண்ணீருக்கு அடியில் ஒரு மாதமாவது விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நீறாத சிறு கட்டி ஒன்று உள்ளே தங்கினால்கூட வாரம் கழித்து அது வீங்கிப் பூச்சில் குழி பறிக்கும். ஓட்டை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு காசு கனத்துக்கும் குறைவாக முதல் பூச்சு. நேர் வெயில், மின்விசிறி இரண்டும் கூடாது, ஈரத் துணியை மேலே தொங்கவிட்டு மெதுவாக உலர விடுங்கள். விரல் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் தடம் பதியக்கூடாது. கடைசிப் பூச்சு அந்தப் பதத்தில் இருக்கும்போது கூழாங்கல்லால் சிறு வட்டமாகத் தேய்க்கத் தொடங்குங்கள். முழுக்கக் காய்ந்தபின் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது, தூள்தான் உதிரும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இதே தன்மைதான் பழைய கட்டடப் பராமரிப்பில் பலர் தவறவிடுவது. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சிமெண்ட் பூச்சோ ரப்பர் போன்ற பெயிண்டோ அடித்தால் நிலத்தடி ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பிக்கொண்டு வரும். நம் வானிலையில் இரண்டு மழைக்காலம் போதும், பெயர்ந்துவிடும்.

வேலை செய்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். 1825 ஏப்ரலில் மதராஸ் கைதிகள் எண்பது பேர் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதுதான் தொடக்கம். 1873 வரை நீடித்த அந்தக் காலத்தில் மதராஸ், வங்காளம், பம்பாய் மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். அதனால் "தமிழர் மட்டும் கட்டினார்கள்" என்பது சரியல்ல. ஆனால் இந்தப் பூச்சு முறை நம் பக்கத்துக் கொத்தர்களின் கைவேலை என்று அதன் பெயரே சொல்கிறது. செங்கல் சுட்டது, சுண்ணாம்பு அரைத்தது, சாரம் கட்டியது, மரவேலை எல்லாம் கைதிகள். இஸ்தானாவும் அவர்கள் கட்டியதே. பேராலயத்தில் பொறியாளர் பெயர் எல்லோர் வாயிலும் வருகிறது, பூசியவர்களில் ஒருவர் பெயரும் வருவதில்லை. உங்கள் நடை தமிழில் நடக்கிறது என்பதால் தூண்களுக்கு முன்னால் கூடுதலாகப் பத்து நிமிடம் நில்லுங்கள்.

எட்டாம்_மணி

மணிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1889-ல் பொருத்திய எட்டு மணிகளும் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் உள்ள ஜான் டெய்லர் வார்ப்பாலையில் உருவானவை. லண்டன் செயிண்ட் பால் பேராலயத்தின் "கிரேட் பால்" மணியை 1881-ல் வார்த்த அதே ஆலை. கேப்டன் ஃப்ரேசர் என்பவரின் வாரிசுகள் அளித்த அன்பளிப்பு.

மணி உலோகம் ஏறக்குறைய 77 பங்கு செம்பு, 23 பங்கு வெள்ளீயம். சிலைக்கு வார்க்கும் வெண்கலத்தைவிட வெள்ளீயம் மிக அதிகம். வெள்ளீயம் கூடினால் நாதம் நீளும், ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வரும். குறைந்தால் உடையாது, ஒலி செத்துவிடும். ஒரே வடிவத்தில் விட்டத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் எட்டு மணி வரிசையில் சின்னதும் பெரியதும் பார்வைக்கு அவ்வளவு வித்தியாசமாக இருக்கின்றன.

ஒரு மணியை அடித்தால் ஒரு சுரம் மட்டும் கேட்பதில்லை. ஐந்தாறு சுரங்கள் அடுக்காக எழும். அவற்றைத் தனித்தனியாக ஒன்றோடொன்று இசைய வைக்கும் முறையை டெய்லர் ஆலை கைக்கொண்டது 1896-ல். நம் மணிகள் அதற்கு முந்தியவை. அதாவது ஒவ்வொரு மணியும் தன் முதன்மைச் சுரத்தில் சரியாக இருந்தாலும் உள்ளடுக்கு அந்தக் காலத்துப் பாணியில் இருக்கும். சுருதி கூட்டுவது எப்படி என்று கேட்டால்: மணியைக் கவிழ்த்துக் கடைசல் மேசையில் நிறுத்தி, உட்புறச் சுவரைத் தேவையான உயரத்தில் மெல்லச் சீவுவார்கள். சீவினால் சுருதி இறங்கும். அதிகம் சீவிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இப்போது ஒலிக்கும் முறை. மூன்று வகை உண்டு. மணி அசையாமல் தொங்க, சுத்தியலோ நாக்கோ வந்து அடிப்பது ஒன்று. ஐரோப்பியக் கண்டத்து வழக்கப்படி மணியே ஊஞ்சல் மாதிரி இருபுறமும் ஆடுவது இரண்டு. ஆங்கிலேய வழக்கம் மூன்றாவது: மணியின் வாய் மேலே பார்த்தபடி நிற்க, கயிற்றை இழுத்ததும் ஏறக்குறைய முழுவட்டம் சுற்றி மறுபடி வாய் மேலாக வந்து நிற்கும். அடுத்த இழுப்பில் எதிர்ப்புறம் சுற்றும். நாக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மட்டும் அடிக்கும். மணியை உச்சியில் ஒரு கணம் தாமதிக்கவோ சற்று முன்கூட்டி விடவோ முடியும் என்பதால், வரிசையை மாற்றி மாற்றி ஒலிக்கலாம். எட்டு மணிகளை வைத்து 40,320 வரிசை சாத்தியம். பன்னிரண்டு மணிகளை வைத்து 47 கோடியே 90 லட்சத்துக்கு மேல்.

இதற்குக் கோபுரம் கொடுக்க வேண்டிய விலை அதிகம். முழுவட்டமாகச் சுற்றும் மணி கீழே வரும் நொடியில் தன் எடையைப் போல் சுமார் நான்கு மடங்கு விசையைக் கீழ்நோக்கிக் கொடுக்கிறது, பக்கவாட்டில் சுமார் இரண்டு மடங்கு. பக்கவாட்டு உதைதான் செங்கல் கோபுரத்தை ஆட்டுவது. அடித்தளம் இறங்கிய பெயர் ஏற்கெனவே இருக்கும் கோபுரத்தில் யாரும் எளிதில் துணியமாட்டார்கள். எட்டு மணிகளும் நூறு ஆண்டுக்கு மேலாக முழுவட்டம் சுற்றாத ஏற்பாட்டிலேயே இருந்தன. பிற்பாடு அவற்றை லஃப்பரோவுக்கே அனுப்பிப் புதுப்பித்து, புதிய மணிகளையும் சேர்த்து, முழுவட்டம் சுற்றும் பன்னிரண்டு மணி வரிசையாக்கினார்கள். இப்படிச் செய்யும்போது சட்டத்தில் மணிகளை எதிரும் புதிருமாகத் திசை மாற்றி அமைப்பது வழக்கம். ஒன்றின் உதை மற்றதன் உதையைத் தின்றுவிடும்.

எதனால் பழுதாகும் என்றால், பெரும்பாலும் இரும்பால். பழைய மணிகளில் நாக்கைத் தொங்கவிடும் இரும்புக் கொக்கியை வார்க்கும்போதே மணியின் தலையில் பதித்துவிடுவார்கள். ஈரக் காற்றில் அது துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட இடம் அதிகம் கேட்கும், வெண்கலம் விரிந்துகொடுக்காது. தலையில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். அதற்கு மருந்து, விரிசல் வருமுன்பே அந்தக் கொக்கியைத் துளைத்து எடுத்துவிட்டு, தலை வழியாகத் திருகாணி போட்டு நாக்கைத் தனியாகத் தொங்கவிடுவது.

அடுத்தது தேய்மானம். நாக்கு ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அடித்தால் விளிம்பில் பள்ளம் விழும். பள்ளம் ஆழமாவதற்குள் மணியைக் கால் வட்டம் திருப்பி மாட்டினால் புது இடம் அடிவாங்கும். மூன்றாவது, இதுதான் பல ஊர்களில் நல்ல மணிகளைக் கெடுத்தது: சோம்பலில் நாக்கில் நேராகக் கயிற்றைக் கட்டி இழுப்பது. இழுத்தவர் உடனே விடாவிட்டால் நாக்கு விளிம்பிலேயே ஒட்டி நிற்கும். அதிரத் துடிக்கும் உலோகத்தை அழுத்திப் பிடித்தால் அங்கே வெடிப்பு பிறக்கும். வெடித்த மணியைச் சாதாரணப் பற்றவைப்பால் ஒட்ட முடியாது. மணி முழுவதையும் உலையில் சூடேற்றி அந்தச் சூட்டிலேயே பற்றவைத்து, நாட்கணக்கில் ஆறவிட வேண்டும்.

கயிறும் கவனிக்க வேண்டியது. முறுக்கிய சணல் கயிறு ஈரத்தில் குறுகும். நம் ஊரில் காலையில் சரியான நீளத்தில் இருப்பது மழை வந்தபின் ஒரு கையளவு மேலே போய்விடும். அதனால் செயற்கை இழை கலந்ததே வசதி. பலகணியில் வலை இல்லாவிட்டால் மைனாவும் புறாவும் உள்ளே வந்துவிடும், எச்சம் இரும்பையும் அரிக்கும் வெண்கலத்தையும் அரிக்கும்.

நல்லாயன் பேராலயத்தில் மூன்று மணிகள். 1901-ல் பாரிசின் குரூசே-ஹில்டப்ராண்ட் ஆலை வார்த்தவை. 2013 முதல் 2016 வரை நடந்த புதுப்பிப்பின்போது நெதர்லாந்தின் ஆஸ்டன் ஊரிலுள்ள எய்ஸ்பவுட்ஸ் ஆலைக்குப் போய்த் திரும்பின. ஆங்கிலேய மணி ஒரு பக்கம், பிரெஞ்சு மணி ஒரு பக்கம், நடந்து பத்து நிமிட தூரத்தில். இது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

காத்தோங்_கதிர்

ஐயா, அண்ணே, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மிக்க நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். மணி ஒலிப்பதைக் கேட்க எங்கே நிற்பது நல்லது? விக்டோரியா மணிக்கூண்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

எட்டாம்_மணி

கோபுரத்தின் காலடியில் நிற்காதீர்கள். ஒலி பலகணி வழியாகக் கிடையாக வெளியேறித் தலைக்கு மேலே போய்விடும். கீழே மந்தமான அதிர்வும் சாலை இரைச்சலும்தான் கேட்கும். பாடாங் திடல் பக்கமாக நூறு மீட்டர் தள்ளி, நடுவில் கட்டடம் மறைக்காத இடத்தில் நில்லுங்கள். ஒலிக்கும் நேரத்தைப் பேராலய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பொதுவாக ஞாயிறு வழிபாட்டை ஒட்டி இருக்கும்.

ஊசல்

விக்டோரியாவுக்கு நான் வருகிறேன்.

அங்கே நிற்பது உண்மையில் மூன்று கட்டுமானங்கள். ஒரு பக்கம் ஜான் பென்னெட் வரைந்த நகர மண்டபம், 1862-ல் முடிந்தது. மறுபக்கம் விக்டோரியா நினைவு மண்டபம், 1905 அக்டோபர் 18-ல் திறந்தது. இரண்டையும் இணைக்க நடுவில் எழுந்தது 54 மீட்டர் மணிக்கூண்டு. பின்னிரண்டையும் வரைந்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் பிட்வெல், ராஃபிள்ஸ் ஹோட்டலையும் வரைந்தவர். கடிகாரம் வந்தது 1906-ல், செலவை ஏற்றது ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம். எனவே "1862-ல் கட்டிய மணிக்கூண்டு" என்று எழுதியிருக்கும் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். 1954 நவம்பர் 21-ல் மக்கள் செயல் கட்சி தொடங்கியது அந்த நினைவு மண்டபத்தில்தான். 2010-ல் மூடி, 2014-ல் மறுபடி திறந்தார்கள்.

நடையில் சொல்வதற்கு அருமையான விஷயம் அங்கே நேரம். அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கியபின் சிங்கப்பூரின் நேரம் ஐந்து முறை மாறியிருக்கிறது. 1906-ல் கிரீனிச்சைவிட 7 மணி முன்னே. 1933-ல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம், ஏழரை ஆனது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், ஒரேயடியாக ஒன்பது. 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. 1982 பிறந்தபோது மலேசியாவோடு சேர்ந்து எட்டு. அந்தப் புத்தாண்டு அரை மணி முன்னதாகவே பிறந்தது, 31-ஆம் தேதி இரவு 11.30 ஆனதும் நள்ளிரவு என்று வைத்தார்கள்.

மணி அடிக்கும் கோபுரக் கடிகாரத்தில் இது சுலபமல்ல. முன்னுக்கு வைக்கும்போது முள்ளை மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு கால் மணியிலும் நிறுத்தி, அடித்து முடிக்கவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அவசரப்பட்டால் முள் ஒரு நேரம் காட்டும், மணி வேறு எண்ணிக்கை அடிக்கும். பின்னுக்கு மட்டும் திருப்பவே கூடாது, அடிக்கும் பகுதியின் நெம்புகோல் எதிர்ப்புறமாக மாட்டி வளைந்துவிடும். 1945 மாதிரி ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போக வேண்டுமானால், ஊசலை நிறுத்திவிட்டு அந்த நேரம் வரும்வரை காத்திருந்து மறுபடி ஆட்டிவிடுவதுதான் கடிகாரக்காரர்களின் வழி.

பிராஸ்பாசா_பெரியவர்

தம்பி, பாதி முதியவர்கள் என்றீர்கள், வழியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்கு விக்டோரியா அரங்கின் முன்னால் தொடங்கினால் பாடாங்கை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். அங்கிருந்து ஆண்ட்ரூஸ், உள்ளே தூண்களிடம் அரை மணி, உட்கார இருக்கை உண்டு. பிறகு நல்லாயன் பேராலயம், கடைசியாக ஸ்டாம்ஃபர்ட் ரோடு வழியாகத் தேசிய அரும்பொருளகம், அது பத்து மணிக்குத் திறக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே புதுப்பிப்பு வேலைக்காகப் பகுதி பகுதியாக மூடிவந்தார்கள், ஆகவே ரெவியர் மணி காட்சியில் இருக்கிறதா என்று முதல் வாரமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அரும்பொருளகத்தை விட்டுவிட்டு ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் முடியுங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பி 1888-ல் அர்ச்சித்த ஆலயம், அதற்கும் கூம்புக் கோபுரம் உண்டு. நல்லாயனிலிருந்து நடப்பது முதியவர்களுக்குச் சற்றுத் தூரம், பேருந்தில் ஏற்றிவிடுங்கள். இரண்டு பேராலயத்துக்கும் இருபத்தைந்து பேர் வருவதாகக் கடிதம் கொடுங்கள், திருமணமோ இறுதிச் சடங்கோ இருக்கும் நாளில் உள்ளே விடமாட்டார்கள்.

சுண்ணச்சாந்து

மாதிரி ஓட்டை இன்றே தொடங்கிவிடுங்கள் கதிர். பசை புதிதாக வாங்கியதென்றால் ஒரு மாதம் ஊறவே போய்விடும். நான்கு ஓடாகப் பூசுங்கள்: ஒன்றை வேண்டுமென்றே கனமாக, ஒன்றை வெயிலில், ஒன்றை மெருகேற்றாமல், ஒன்றைச் சரியாக. நாலையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்கக் கொடுத்தால் நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. பேராலயத் தூண்களை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை வியர்வையின் உப்பும் எண்ணெயும் சுண்ணாம்புப் பூச்சில் கறையாக இறங்கிவிடும்.